கன்னியாகுமரியில் ஒரு சிறு ஹெலிகாப்டர் நிறுவனம்: பாதுகாப்பு மேலாண்மையை வாங்குவதா, கட்டுவதா, சார்ந்திருப்பதா?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற வேண்டுமானால் திருவனந்தபுரம். இல்லையென்றால் தூத்துக்குடி, மதுரை. ஆனாலும் சபரிமலை சீசனில் முக்கடல் கூடும் இடத்தில் திரளும் கூட்டத்தையும், 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தையும் பார்க்கும் சுற்றுலாத் தொழில்காரர்களுக்கு, ஹெலிகாப்டரில் பத்து நிமிடம் சுற்றிக் காட்டினால் என்ன என்ற எண்ணம் வராமல் இருக்காது. இயந்திரத்தின் விலை, பைலட் சம்பளம், ஹெலிபேட் வாடகை, எரிபொருள் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிட்டு, கடைசி வரியில் ‘எஸ்எம்எஸ் மேனுவல்’, அதாவது பாதுகாப்பு மேலாண்மை அமைப்பின் கையேடு, என்று ஒரு தொகை எழுதப்படும். வணிகப் பறப்புக்குப் பெர்மிட் கொடுக்கும் அதிகாரியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கடைசி வரியில்தான் பெரும்பாலான சிறு நிறுவனங்கள் சறுக்குகின்றன.

ஒப்பிட வசதியாக ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். இரண்டு ஹெலிகாப்டர்கள், நான்கு பைலட்டுகள், மூன்று பராமரிப்புப் பொறியாளர்கள், டிக்கெட், எரிபொருள், தரைப்பணி எல்லாம் சேர்த்து மொத்தம் 15 பேர். வருடத்துக்கு 600 மணி நேரம் பறக்கிறது. அதன் முன்னால் நான்கு வழிகள் உண்டு. கன்சல்டன்டிடம் முழு மேனுவலையும் வாங்கலாம். மாதச் சந்தா கட்டி ஒரு மென்பொருளை வாங்கி அதன்படி நடக்கலாம். ஏற்கெனவே பெர்மிட் வைத்திருக்கும் இன்னொரு நிறுவனத்தின் அமைப்புக்குள் போய்ச் சேரலாம். அல்லது தன் அளவுக்கு ஏற்றதைத் தானே கட்டலாம்.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் பாதுகாப்பு மேலாண்மை பற்றிய 19ஆவது இணைப்பு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2010இல், இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ தன் விதித்தொகுப்பின் பிரிவு 1, தொடர் சி, பகுதி 1 மூலம் பாதுகாப்பு மேலாண்மை அமைப்பைக் கட்டாயமாக்கியது. அமைப்பின் சட்டகம் எல்லோருக்கும் ஒன்றுதான்: கொள்கை, ரிஸ்க் மேலாண்மை, உறுதிப்பாடு, ஊக்குவிப்பு என நான்கு பகுதிகள், அவற்றுக்குள் 12 உறுப்புகள். நிறுவனம் சிறியது என்பதற்காக எந்த உறுப்பும் கழிவதில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே மாறும். ஐரோப்பாவில் முழுநேரப் பணியாளர் 20 பேருக்கு மேல் போகாத நிறுவனங்களைப் பொதுவாக எளிய நிறுவனம் என்று கணக்கில் எடுத்து, எளிய முறைகளை ஏற்கிறார்கள். அமெரிக்காவில் முதலில் பெரிய விமான நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த கட்டாயம், 2024 விதியின்படி வாடகை விமானங்களுக்கும் சுற்றிக்காட்டும் வணிகப் பறப்புகளுக்கும் நீண்டிருக்கிறது; அவர்களுக்கான கெடு 2027 மே 28. ஒரே ஆள் நடத்தும் நிறுவனத்துக்கு அங்கே சில உறுப்புகளில் விலக்கு உண்டு. உலகம் போகும் திசை இதிலிருந்து தெரியும்: அளவுக்கு ஏற்பத் தளர்வு கிடைக்கும், சுற்றுலாப் பறப்பு என்பதற்காக விலக்கு கிடைக்காது.

ஆய்வாளர் எந்த நூலைப் பிடித்து இழுக்கிறார்

பல நாட்டுக் கட்டுப்பாட்டாளர்கள் பயன்படுத்தும் மதிப்பீட்டு முறையில் நான்கு படிகள் உண்டு. எழுத்தில் இருக்கிறதா, இந்த நிறுவனத்துக்குப் பொருந்துகிறதா, உண்மையில் இயங்குகிறதா, பலன் தருகிறதா. மேனுவல் என்பது முதல் படி மட்டுமே. பெர்மிட் கொடுக்கும் நாளில் முதல் இரண்டு படிகள் போதும். அடுத்த ஆண்டுக் கண்காணிப்பு ஆய்வில் மூன்றாவது படி கேட்கப்படும். அங்கேதான் வாங்கிய அமைப்புக்கும் கட்டிய அமைப்புக்கும் வித்தியாசம் வெளியே வரும்.

மூன்றாவது படியைச் சோதிக்க அனுபவமுள்ள ஆய்வாளருக்கு அரை நாள் போதும். பணியாளர்கள் எழுதும் பாதுகாப்பு அறிக்கைகளின் பதிவேட்டிலிருந்து ஏதாவது ஓர் அறிக்கையின் எண்ணைத் தொட்டு, அதை மட்டும் கடைசி வரை பின்தொடர்வார். யார் எழுதினார், எந்தத் தேதியில் வந்தது, என்ன ரிஸ்க் மதிப்பு போடப்பட்டது, யார் முடிவெடுத்தார், அதற்குப் பணம் செலவானதா, செய்த மாற்றம் வேலை செய்கிறது என்று யார் எப்போது சரிபார்த்தார், எழுதியவருக்குப் பதில் போனதா. இந்த ஏழில் ஒன்று அறுந்தாலும் ஃபைண்டிங், அதாவது குறைபாட்டுக் குறிப்பு, எழுதப்படும்.

அடுத்து எதிர்த்திசையிலிருந்து வருவார். ஹெலிகாப்டரின் டெக்னிக்கல் லாக்கில் இரண்டு பறவை மோதல் பதிவாகியிருக்கும். பாதுகாப்பு அறிக்கைப் பதிவேட்டில் பறவை என்ற சொல்லே இருக்காது. எரிபொருள் நிரப்பும் பையனிடம் போய், போன வாரம் ஏதாவது சரியில்லாமல் பட்டதா என்று பேச்சுக்கொடுத்தால், ஆமாம் சார், ஒரு ஆள் குடையோடு ரோட்டர் பக்கம் ஓடி வந்தார் என்பான். அதுவும் பதிவேட்டில் இருக்காது. பன்னிரண்டு மாதத்தில் ஒரு அறிக்கைகூட வரவில்லை என்று பெருமையாகச் சொல்லும் நிறுவனத்தைப் பார்த்தால்தான் ஆய்வாளருக்கு அதிக சந்தேகம் வரும்.

கடைசியாக, பாதுகாப்புக்கு இறுதியாகப் பதில் சொல்ல வேண்டியவரான பொறுப்பு மேலாளரிடம் ஒரே கேள்வி: யாரையும் கேட்காமல் இன்று நீங்கள் எவ்வளவு செலவு செய்யலாம்? பதில் தடுமாறினால், கையெழுத்துப் போடுபவர் ஒருவர், பணப்பெட்டி இன்னொருவர் கையில் என்று அர்த்தம். பொறுப்பு மேலாளரின் இந்தப் பொறுப்பை வேறு யாருக்கும் மாற்றிவிட முடியாது என்பது ஐகாவோ விதியிலேயே இருக்கிறது. குடும்பத் தொழிலில் அப்பா முதலீடு, மூத்தவர் பொறுப்பு மேலாளர், இளையவர் பாதுகாப்பு மேலாளர் என்று பங்கு பிரிப்பது சுலபம். ஆனால் அண்ணன் வைத்த டிக்கெட் இலக்கைத் தம்பி நிறுத்துவாரா என்பதுதான் ஆய்வாளரின் கவலை.

இந்தச் சோதனையைத்தான் நான்கு வழிகளுக்கும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம்.

கன்சல்டன்ட் மேனுவல்

வேகத்தில் இதை அடிக்க எதுவும் இல்லை. விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிய ஆவணம் சில வாரங்களில் கையில் இருக்கும். தலைப்புகள், பத்தி எண்கள் எல்லாம் விதியோடு வரிக்கு வரி ஒத்துப்போகும். முதல் படியில் முழு மதிப்பெண்.

இரண்டாவது படியிலிருந்து சிக்கல். பெரிய நிறுவனத்துக்கு எழுதிய மேனுவலில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது இந்தத் தொழிலில் தெரிந்த பழக்கம். கன்னியாகுமரியில் பறக்கப்போகும் நிறுவனத்தின் அபாயப் பட்டியலில் இறக்கையில் பனி உறைவதும், இரண்டாவது ஓடுபாதைக்குக் குறுக்கே விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்வதும் இருக்கும். சின்னமுட்டம் துறைமுகத்தைச் சுற்றி மீனுக்காக வட்டமிடும் பருந்துகளும் காகங்களும் இருக்காது. முப்பந்தல் காற்றாலைகள் இருக்காது. கூடங்குளம் பக்கத்து வான்வெளிக் கட்டுப்பாடு இருக்காது. அவசரகாலத் திட்டத்தில் ‘விமான நிலையத் தீயணைப்புப் பிரிவை அழைக்கவும்’ என்று இருக்கும். அழைக்க அப்படி ஒரு பிரிவே அங்கே இல்லை. கடலில் விழுந்தால் முதலில் வந்து சேரக்கூடியது மீனவர் படகுதான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சாலை வழியே எவ்வளவு நேரம், சீசன் நெரிசலில் எவ்வளவு நேரம் என்பதை அளந்து எழுதாத திட்டம் வெறும் தாள்.

இதைவிட ஆழமான கோளாறு ரிஸ்க் அட்டவணையில் ஒளிந்திருக்கிறது. ஐகாவோ கையேட்டின் அட்டவணை நிகழ்தகவுக்கு 5 முதல் 1 வரை, கடுமைக்கு ஏ முதல் இ வரை என ஐந்துக்கு ஐந்து கட்டங்கள் கொண்டது; 5 என்றால் மிக அடிக்கடி, ஏ என்றால் மிகக் கொடியது. பெரிய நிறுவனங்கள் அதன் நிகழ்தகவை மணிக்கணக்கில் வரையறுக்கும். உதாரணமாக, ‘அரிது’ என்றால் ஒரு லட்சம் பறப்பு மணிக்கு ஒரு முறை. வருடத்துக்கு 600 மணி பறக்கும் நிறுவனம் ஒரு லட்சம் மணியைத் தொட ஏறக்குறைய 167 ஆண்டுகள் ஆகும். அந்த அட்டவணையை அப்படியே எடுத்தால், எதைப் போட்டாலும் ‘இங்கே இன்னும் நடந்ததில்லை’ என்று கீழ்வரிசையில் விழுந்து பச்சையாகவே காட்டும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட இதைவிட வசதியான கருவி கிடைக்காது. சிறு நிறுவனம் காலத்தைக் கொண்டு வரையறுக்க வேண்டும்: வாரம் ஒரு முறை நேரக்கூடியது, மாதம் ஒரு முறை, சீசனுக்கு ஒரு முறை, சில வருடங்களில் ஒரு முறை, நம் இடத்தில் இல்லாவிட்டாலும் இதே வகைத் தொழிலில் வேறெங்கோ நேர்ந்தது.

பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்பதை எண்ணில் காட்டும் செயல்திறன் குறியீடுகளிலும் இதே கதை. சராசரி, அதற்கு மேல் ஒன்று இரண்டு மூன்று திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) என்று எச்சரிக்கைக் கோடு போடுவது ஆயிரக்கணக்கான பறப்புகள் உள்ள இடத்துக்குச் சரி. வருடத்துக்கு நான்கு நிகழ்வுகள் வரும் இடத்தில் ஐந்தாவது வந்ததும் கோடு தாண்டும், அடுத்த வருடம் மூன்று வந்தால் சாதனை என்று காட்டும். அந்த எண் எதையும் சொல்வதில்லை.

கன்சல்டன்டே வேண்டாம் என்பதல்ல. இருப்பதற்கும் விதிக்கும் உள்ள இடைவெளியைக் கண்டுபிடிப்பதிலும், வருடத்துக்கு ஒரு முறை வெளியாளாக வந்து ஆடிட் செய்வதிலும் அவருடைய திறமைக்கு நல்ல மதிப்பு உண்டு. அபாயப் பட்டியலை அவர் எழுதக் கூடாது. அது அந்த ஹெலிபேடில் நிற்பவர்கள் எழுத வேண்டியது.

மென்பொருள்

நன்றாகச் செய்யப்பட்ட மென்பொருள் அறிக்கை வந்ததிலிருந்து அது தீர்ந்து மூடப்படும் வரை நூலை அறுக்காமல் வைத்திருக்கும், தேதி தவறினால் நினைவூட்டும். அறிக்கைகள் குவியும் நிறுவனத்துக்கு இது வரம். 15 பேர் கொண்ட நிறுவனத்தில் மாதம் ஐந்தாறு அறிக்கை வந்தாலே நல்ல நிலை. அதற்கு ஒரு தாள் பதிவேடோ சாதாரண எக்செல் கோப்போ போதும்.

பெரும்பாலான மென்பொருள்களின் படிவம் ஆங்கிலத்தில், இருபது முப்பது கட்டங்களோடு இருக்கும். தரைப்பணியில் இருப்பவர் விளவங்கோடு பக்கத்தவராக இருந்தால் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பைலட்டுக்கு இந்தி. இவர்கள் எல்லோரும் ஆங்கிலப் படிவத்தைத் திறந்து ‘நிகழ்வு வகை’யைத் தேர்வு செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். விளைவு: உள்ளே வருவது எல்லாம் பாதுகாப்பு மேலாளரே எழுதியதாக இருக்கும். ஆய்வாளர் எழுதியவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்த உடனே அது தெரிந்துவிடும். வருடத்துக்கு நூறு நூற்றைம்பது அறிக்கை தாண்டும்போதோ, இரண்டாவது இடத்தில் தளம் திறக்கும்போதோ மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல எடைமேடையும் காற்றுமானியும் வாங்குவது மேல்.

வாட்ஸ்அப் குழு இதற்கு மாற்றாகாது. பெயரும் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். முதலாளி பார்த்துவிட்டார் என்று நீலக்கோடு விழுந்த பிறகு யார் எழுதுவார்?

இன்னொருவர் பெர்மிட்டின் கீழ்

முதல் முறை இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் அவசரத்தில் ஒதுக்கிவிடும் வழி இது. உண்மையில் முதல் ஒன்றிரண்டு சீசனுக்கு இதுவே சரி என்பது எங்கள் கணிப்பு. பெர்மிட், பைலட், பராமரிப்பு, பாதுகாப்பு மேலாண்மை எல்லாம் அனுபவமுள்ள நிறுவனத்துடையது. உள்ளூர் நிறுவனம் டிக்கெட், பயணிகள் வரிசை, தரைப்பணி மட்டும் பார்க்கும். கட்டுப்பாட்டாளர் முன்னால் பதில் சொல்ல வேண்டியவர் பெர்மிட் வைத்திருப்பவர்.

ஆனால் ஆபத்து போகவில்லை. இரண்டு நிறுவனங்களும் சந்திக்கும் இடத்துக்கு இடம் மாறியிருக்கிறது. அங்கே நடக்கும் தவறுகள் எளிமையானவை, அதனாலேயே கொடியவை. பயணியை எடைமேடையில் ஏற்றாமல் அவர் சொன்ன எடையை எழுதிக்கொள்வது முதலாவது. குடும்பத்தைப் பிரிக்க வேண்டாம் என்று ஐந்து பேரையும் ஒரே சுற்றில் அனுப்பினால், மதிய வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்து தூக்கும் திறனும் குறைந்திருக்கும் நேரத்தில் கணக்கு உதைக்கும். இரண்டாவது, ரோட்டர் சுற்றும்போதே ஏற்றி இறக்குவது. கடற்கரையில் விற்கும் தொப்பி, பலூன், தோளில் கிடக்கும் துண்டு, விரித்த குடை எல்லாம் ரோட்டர் காற்றில் பறக்கும். பறந்த தொப்பியைப் பிடிக்க ஓடுபவர் வால் ரோட்டர் பக்கம்தான் ஓடுவார். பைலட்டின் கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்திலிருந்து மட்டும், தரைப்பணியாளர் கைபிடித்து அழைத்துவர, ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். மூன்றாவது, ஒப்பந்தத்தில் சுற்றுக்கு இவ்வளவு என்று பணம் பேசுவது. வானிலை சரியில்லை என்று பைலட் மறுத்தால் உள்ளூர்க்காரருக்கு நஷ்டம். நஷ்டம் வருபவர் சும்மா இருக்கமாட்டார்.

ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளூர்ப் பணியாளர்கள் பெர்மிட் நிறுவனத்தின் அறிக்கை முறைக்குள் வருவார்கள், அவர்களுடைய பயிற்சிப் பதிவும் அங்கேயே இருக்கும். ரத்தான சுற்றின் பணம் திருப்பித்தரும் சுமையை இருவரும் பகிர்ந்துகொள்வார்கள். மாதத்துக்கு ஒரு முறை இரு தரப்பும் உட்கார்ந்து அபாயப் பதிவேட்டைப் பார்க்கும். இவை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், பெரிய நிறுவனத்தின் அமைப்பு அதன் தலைமையகத்தோடு நின்றுவிடும். கன்னியாகுமரி ஹெலிபேடுக்கு வந்து சேராது.

தானே கட்டுவது

சொந்தப் பெர்மிட் என்று முடிவான பிறகு இதைத் தவிர மற்றவை நிலைக்காது. பக்கம் குறைவாக இருப்பதில் தவறே இல்லை. நாற்பது பக்க மேனுவல், ஒரு பக்க அறிக்கைப் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும், அபாயப் பதிவேடு, மாற்றப் படிவம், மாதக் கூட்டக் குறிப்பு, பயிற்சிப் பதிவு, ஐந்து குறியீடுகள் கொண்ட ஒரு தாள். முழு அமைப்பும் இவ்வளவுதான். பாதுகாப்பு மேலாளர் வேறு வேலையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஐகாவோ விதி அனுமதிக்கிறது, ஆனால் நலன் மோதல் இருக்கக் கூடாது. பறப்பு அட்டவணை போடுபவரும் விற்பனை பார்ப்பவரும் அந்தப் பதவிக்கு ஆகாது. பயிற்சிப் பொறுப்பில் இருப்பவரோ மூத்த பொறியாளரோ ஆகலாம். தன் சொந்தக் கையெழுத்தைத் தானே ஆடிட் செய்யாமல் இருந்தால் சரி. வாரத்தில் ஒன்றரை நாளாவது அவருக்கு இந்த வேலைக்கென்று ஒதுக்கி அட்டவணையில் எழுத வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்றால் சீசனில் நேரம் கிடைக்காது.

அபாயப் பதிவேடு எழுதும்போது முதலில் வரும் பிழை, விளைவைக் காரணியாக எழுதுவது. ‘பறவை மோதல்’ விளைவு. ‘காலையில் மீன் இறங்கும் நேரத்தில் சின்னமுட்டம் பக்கம் அணுகுபாதையில் பருந்துக் கூட்டம்’ காரணி. இரண்டாவது மாதிரி எழுதினால்தான் என்ன செய்வது என்பது தெரியும்: அந்த நேரத்தைத் தவிர்க்கலாம், பாதையை மாற்றலாம், கழிவை மூடிவைக்கச் சொல்லித் துறைமுகத்தாரிடம் பேசலாம்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்த ஊரில் இதுதான் மையம். கன்னியாகுமரிக்கு வருபவர் எல்லோரும் சூரிய அஸ்தமனம் பார்க்க வருகிறார்கள். சித்ரா பௌர்ணமி அன்று மேற்கே சூரியன் மறைய, கிழக்கே நிலா எழுவதைப் பார்க்கக் கரை நிரம்பும். ஆக அதிக விலை போகும் டிக்கெட் நாளின் கடைசிச் சுற்று. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி இந்தியாவில் பொதுவாக சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பின் பறக்க முடியாது. கடைசிச் சுற்று தாமதமானால் மங்கிய ஒளியில், கடலுக்கு மேலே, அடிவானம் கரைந்த நேரத்தில் பைலட் திரும்புவார். திசையுணர்வு தவறிக் கடலில் இறங்குவது இதன் விளைவு. நிகழ்தகவு 3, கடுமை ஏ: 3ஏ. ஐகாவோ அட்டவணையில் இது ஏற்கவே முடியாத கட்டம். தணிப்பு நடவடிக்கை எடுக்கும் வரை அந்தச் சுற்று பறக்கக் கூடாது.

நடவடிக்கை என்ன? ‘பைலட்டுகள் கவனமாக இருக்க அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதினால் ஆய்வாளர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுப்பார். வேலை செய்வது வேறு. சூரியன் மறைவதற்கு 15 நிமிடம் முன்பு ஹெலிகாப்டர் தரையில் இருக்க வேண்டும் என்று நிறுவனம் தனக்கே ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு டிக்கெட் கணினி தானாகப் பூட்ட வேண்டும். பூட்டும் நேரத்தை ‘மாலை 6’ என்று வருடம் முழுக்க ஒரே எண்ணாக வைப்பது இங்கே பெரிய பிழை: நவம்பர் தொடக்கத்தில் சூரியன் ஆறு மணிக்குச் சில நிமிடம் முன்பே மறைந்துவிடும், ஜூலை நடுவில் 6:40ஐத் தாண்டும். சபரிமலைக் கூட்டம் வந்து சேர்வது நவம்பரில் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். பைலட்டுக்குச் சுற்றுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கூடாது, மாதச் சம்பளம் மட்டும். இவற்றுக்குப் பிறகு நிகழ்தகவு 2க்கு இறங்கி 2ஏ ஆகும். கடுமை ஏ-யிலேயே நிற்கும், அதை இறக்க இவை எதற்கும் வழியில்லை. 2ஏ என்பது மேலாண்மை முடிவெடுத்து ஏற்கக்கூடிய கட்டம், ஆகவே பொறுப்பு மேலாளரின் கையெழுத்து வேண்டும். சரிபார்ப்பு: மாதம் ஒரு முறை பறப்புப் பதிவிலுள்ள கடைசித் தரையிறக்க நேரத்தை அந்தந்த நாளின் அஸ்தமன நேரத்தோடு ஒப்பிட்டு, 15 நிமிடக் கோட்டைத் தாண்டிய சுற்றுகள் எத்தனை என்று எண்ண வேண்டும். இந்த எண் ஒன்றே ஐந்து குறியீடுகளில் முதலாவதாக இருக்கலாம்.

வானிலையிலும் இங்கே ஒரு தனிச் சிக்கல். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று திடீர் திடீரென வேகம் மாறும். அதே காற்றில் கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்படும். படகு நின்ற நாளில் பாறையைப் பார்க்க முடியாமல் நிற்கும் கூட்டம் ஹெலிகாப்டர் கவுன்டருக்கு வரும். அதாவது வானிலை மோசமாகும் நாளில்தான் டிக்கெட்டுக்குக் கிராக்கி ஏறும். எந்த வெளியூர் மேனுவலிலும் இந்த வரி இருக்காது. ‘படகு நிறுத்தம்’ என்ற செய்தி வந்ததும் காற்றின் வேகத்தை ஹெலிபேடில் அளந்து, எல்லையைத் தாண்டினால் கவுன்டரை மூடும் அதிகாரம் பொறுப்பு மேலாளரைக் கேட்காமலேயே கடமையிலிருக்கும் பைலட்டுக்கு இருக்க வேண்டும்.

உப்புக்காற்று அடுத்தது. கடலுக்கு மேலே தாழப் பறக்கும் இன்ஜினின் கம்ப்ரசரில் உப்பு படியும். தயாரிப்பாளர் கையேடு சொல்லும் இடைவெளியில் நன்னீரால் கழுவ வேண்டும். மாலை கடைசிச் சுற்று தாமதமானால் கழுவுவது நாளைக்கு என்று தள்ளிப்போகும். தவறிய கழுவல்களின் எண்ணிக்கை இன்னொரு நல்ல குறியீடு, ஏனென்றால் அது இயந்திரத்தைப் பற்றிச் சொல்வதைவிட ஆள்பற்றாக்குறையைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஆள்பற்றாக்குறை சாதாரண விஷயமில்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில், பின்காற்றோடு இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தனர். மறுநாள் காலைப் பறப்புக்கு அதே கேப்டன் தேவைப்பட்டதும், அந்தத் தளத்தில் கேப்டன்கள் போதாததும் அவருடைய முடிவைப் பாதித்த காரணிகளாக விசாரணை அறிக்கையில் இடம்பெற்றன. நான்கு பைலட் உள்ள நிறுவனத்தில் ஒருவர் விடுப்பு, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அதே அழுத்தம் இங்கேயும். மூன்றுக்குக் குறைந்தால் எத்தனை சுற்று குறைப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

மாற்ற மேலாண்மை என்ற உறுப்பைச் சிறு நிறுவனங்கள் வெறுமையாக விட்டுவிடும். கண்ணாடிப் பாலம் போன்ற ஒன்று புதிதாகத் திறந்தால் பறப்புப் பாதைக்குக் கீழே மக்கள் கூடும் இடம் மாறுகிறது, படம்பிடிக்கும் டிரோன்கள் வருகின்றன. நிறுவனத்துக்குள்ளே எதுவும் மாறாவிட்டாலும் மாற்றப் படிவம் எழுத வேண்டிய தருணம் இது. ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டர் என்றால், இன்ஜின் நின்றால் சறுக்கி இறங்கிக் கரையைத் தொடும் தூரத்தைத் தாண்டிக் கடல்மேல் போக மிதவைகள் வேண்டும். பாதையைச் சிறிது வெளியே தள்ளினாலும் இந்தக் கணக்கு மாறும்.

தண்டனையற்ற அறிக்கை பற்றி ஒரு வார்த்தை. 15 பேரில் யார் எழுதியது என்பது கையெழுத்தில்லாவிட்டாலும் தெரிந்துவிடும். ஆகவே பெயர் தெரியாது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பெயர் தெரிந்தாலும் தண்டனை இல்லை, வேண்டுமென்றே விதி மீறினால் மட்டும் விலக்கு என்று கொள்கையில் எழுதி, முதல் அறிக்கை வந்ததும் எல்லோர் முன்னிலும் நன்றி சொல்லி அதன்மேல் நடவடிக்கை எடுங்கள். முதல் மூன்று அறிக்கைகளை நிறுவனம் எப்படி நடத்தியது என்பதைப் பார்த்துத்தான் நான்காவது வரும். எழுதத் தயங்குபவர் பாதுகாப்பு மேலாளரின் தனி எண்ணுக்குக் குரல்பதிவு அனுப்பலாம். மேலாளர் அனுப்பியவரின் பெயரை நீக்கி எழுதிக்கொள்வார்.

காலம்

ஐகாவோ கையேட்டின் முந்தைய பதிப்பு ஒன்று முழு அமலாக்கத்துக்கு நான்கு கட்டங்களில் ஐந்து ஆண்டுகள் வரை கொடுத்தது. 15 பேருக்கு அவ்வளவு தேவையில்லை. முதல் மூன்று மாதத்தில் கொள்கை, பொறுப்புகள், இடைவெளி ஆய்வு. ஒன்பதாவது மாதத்துக்குள் அறிக்கை முறையும் அபாயப் பதிவேடும் ஓட வேண்டும். பதினெட்டாவது மாதத்தில் குறியீடுகளும் மாற்ற மேலாண்மையும் வெளியாள் ஆடிட்டும். இந்த வேகம் சரியாக வர வேண்டுமானால் முதல் பறப்புக்கு முன்பே முதல் கட்டம் முடிந்திருக்க வேண்டும். சீசன் நடுவே தொடங்கினால் இரண்டாவது கட்டம் அடுத்த சீசனுக்குப் போய்விடும்.

ஆக, வரிசை இப்படி: அனுபவம் இல்லையென்றால் முதல் சீசன்கள் இன்னொருவர் பெர்மிட்டின் கீழ், மேற்சொன்ன மூன்று விதிகளோடு. அந்தக் காலத்திலேயே உள்ளூர் அபாயப் பதிவேட்டைத் தமிழில் எழுதிச் சேர்த்துவைப்பது. சொந்தப் பெர்மிட்டுக்குப் போகும்போது அந்தப் பதிவேட்டைக் கருவாக வைத்துத் தானே கட்டுவது. மென்பொருள் கடைசியில், தேவைப்பட்டால்.

கன்சல்டன்டை அமர்த்துவதானால் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை சில உண்டு. ஹெலிபேடில் குறைந்தது இரண்டு முழு நாட்கள் நின்று பார்க்க வேண்டும், அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்க வேண்டும். அபாயப் பட்டியலை அவர் எழுதித் தரக் கூடாது, பணியாளர்களோடு உட்கார்ந்து எழுதவைக்க வேண்டும். மேனுவலின் எந்தப் பத்தி எந்த விதிக்குப் பதில் என்ற ஒப்பீட்டுத் தாள் தனியே வேண்டும். மேனுவலைத் திருத்தக்கூடிய கோப்பாகத் தர வேண்டும், பூட்டிய பிடிஎஃப் ஆக அல்ல. கட்டணத்தில் கால் பங்கை முதல் கண்காணிப்பு ஆய்வு முடிந்த பிறகு தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் மேனுவலை மட்டும் விற்கும் பழக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.